தும்பி ஆணா, பெண்ணா?

செங்கழனி நாட்டு மந்திரிக்கு ஒருமுறை பெரிய அவமானம் ஆகிவிட்டது. பக்கத்து நாட்டு அரண்மனையில் குழந்தை பிறந்து, 'மணி' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெண் என்று நினைத்துப் பட்டுப் பாவாடையும் குஞ்சலமும் சீராக அனுப்பிவைத்தார். மணியோ ஆண் பிள்ளை!

தப்பு தன்மேல் என்று ஒப்புக்கொள்கிற மந்திரி எந்த நாட்டில் இருக்கிறார்? பெயர்மேல்தான் தப்பு என்றார். ராஜாவைச் சரிக்கட்டி ஒரு சட்டமும் போட்டுவிட்டார்.

"பெயர் 'இ' என்று முடிந்தால் பெண். 'ன்' என்று முடிந்தால் ஆண். மாற்றிப் பெயர் வைத்தவர்கள் நாட்டைவிட்டுப் போக வேண்டும்!"

முதலில் மாட்டியவன் யானைப்பாகன் சடையன். அவனுக்கும் செம்பாயிக்கும் இரட்டைப் பிள்ளைகள். தும்பி என்றால் யானை அல்லவா? மகனுக்கு அந்தப் பெயர். மகளுக்குத் 'தேன்'.

"பையன் இனிமேல் தும்பன். பெண் தேனி. மாற்று, இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டு!" என்றார் மந்திரி.

சடையனும் செம்பாயியும் அரசவை விகடன் அரங்கனிடம் ஓடினார்கள். செம்பாயி அழுதேவிட்டாள்.

"தேனுன்னு கூப்பிட்டா வாய் இனிக்குது சாமி. தேனீன்னு கூப்பிட்டா கொட்டிருமோன்னு பயமா இருக்கு!"

"அழாதே தாயி. நாளைக்குப் பிள்ளைகளோடு சபைக்கு வந்துவிடு."

மறுநாள் சபை கூடியது. மந்திரி கம்பீரமாக உள்ளே நுழைந்தார். அரங்கன் எழுந்து உரக்கக் கூவினான்:

"மந்திரி வந்துவிட்டாள்! வழிவிடுங்கள்!"

சபை திகைத்தது. மந்திரியின் மீசை துடித்தது.

"என்னடா உளறுகிறாய்?"

"ஐயோ, மந்திரி கோபப்படுகிறாளே! மந்திரி என்பது 'இ' என்றுதானே முடிகிறது? சட்டத்தை மீற எனக்குத் துணிச்சல் இல்லை."

சேனாபதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சேனாபதியும் சிரிக்கிறாள்," என்றான் அரங்கன்.

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. ராஜா மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். திடீரென்று அவருக்கும் உறைத்தது.

"அரங்கா, என்னைச் சக்கரவர்த்தி என்கிறார்களே! அப்படியானால் நான்?"

"அதை நான் எப்படிச் சொல்வேன் பிரபு? மகாராணியைத்தான் கேட்க வேண்டும்."

திரைக்குப் பின்னால் மகாராணியின் சிரிப்பு வெடித்தது. ராஜாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சட்டம் அந்த இடத்திலேயே ரத்தானது. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அரங்கன் கழுத்தில் போட்டார்.

மந்திரிக்கு மட்டும் மனம் ஆறவில்லை.

"எல்லாம் சரி. தும்பி என்றால் ஆணா பெண்ணா என்று ஒருவன் எப்படித்தான் தெரிந்துகொள்வது?"

அரங்கன் செம்பாயியிடமிருந்து தும்பியை வாங்கினான். துணியை விலக்கி, மந்திரியின் மடியில் மல்லாக்கப் படுக்க வைத்தான்.

"கொஞ்ச நேரம் வைத்திருங்கள். அவனே சொல்வான்."

மந்திரி குனிந்து பார்த்தார். தும்பி சிரித்தான்.

மந்திரியின் மீசை நனைந்தது.