குன்றிலிருந்து இறங்கிய பள்ளி

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களும் கேட்கலாம். பாய்மரக் கப்பல்கள் காற்றை நம்பிக் கடலோடிய நாட்களில், பவளத்துறை என்றொரு பட்டினம் இருந்தது. அங்கே இயக்கன் என்ற முத்து வணிகன் வாழ்ந்து வந்தான்.

ஓர் ஐப்பசியில் பெரும்புயல் அடித்தது. மீன் பிடிக்கப் போன தோணிகள் திரும்பவில்லை. கரையோரக் குடிசைகளைக் கடல் வாரிக்கொண்டு போயிற்று. விடிந்தபோது தாயும் இல்லாமல், தகப்பனும் இல்லாமல், எத்தனையோ பிள்ளைகள் மணலில் நின்றார்கள்.

அதே புயலில் உயிர் தப்பியவன் இயக்கன். அவனுக்கு மனம் பொறுக்கவில்லை. ஊருக்கு வெளியே ஒரு குன்றின்மேல் பள்ளி கட்டினான். வேளாவேளைக்குச் சோறு போட்டான், உடுக்கத் துணி கொடுத்தான், ஆதன் என்ற ஆசிரியரைக் கூட்டி வந்து எழுத்தும் கணக்கும் கற்பிக்கச் செய்தான். ஆதனைப் போலச் சொல்லிக்கொடுக்க அந்தக் கரையிலேயே ஆளில்லை.

“மகராசன், நம் பாரத்தை எல்லாம் இறக்கிவைத்தான்” என்றார்கள் ஊரார். அதன்பின் குன்றின் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆண்டுகள் ஓடின. பிள்ளைகளில் மூத்தவர்கள் வளர்ந்து, பிழைப்புத் தேடி ஊருக்குள் போனார்கள்.

கணக்கில் கெட்டிக்காரனான ஒருவன் கடைத்தெருவுக்குப் போனான். “நீ யார் வீட்டுப் பிள்ளை? உனக்கு யார் பொறுப்பு?” என்று கேட்டார்கள். அவன் திரும்பினான்.

நெசவு கற்ற ஒருத்தி தறிக்காரர் தெருவுக்குப் போனாள். “குன்றுப் பெண்ணா? உன் குணம் எப்படியோ!” என்றார்கள். அவளும் திரும்பினாள்.

நல்லி என்பவள் வேலை கேட்கப் போகவில்லை. வெறுமனே ஊரைப் பார்க்கப் போனாள். பொழுது சாயும் வரை எல்லாத் தெருக்களிலும் நடந்தாள். அவளும் திரும்பினாள்.

இயக்கன் கோபத்தில் குதித்தான். “இன்னும் உயர்ந்த கல்வி கொடுக்கிறேன். அப்போது தேடி வருவார்கள், பார்!”

நல்லி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “ஐயா, எல்லாத் தெருக்களின் பெயரையும் எனக்கு வாசிக்கத் தெரிகிறது. ஆனால் ஒரு தெருவிலும் என் பெயர் யாருக்கும் தெரியவில்லையே.”

இயக்கன் பிள்ளைகளைக் கடலிடமிருந்து காப்பாற்றியதாக எண்ணியிருந்தான். ஊரிடமிருந்து ஒளித்து வைத்திருந்ததும் தானே என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் ஊரைக் கூட்டினான். “குன்றுப் பள்ளியை மூடுகிறேன். இனிப் பள்ளி நடப்பது சந்தை மண்டபத்தில். உங்கள் பிள்ளைகளுக்கும் ஆதனே கற்பிப்பார். ஆனால், வருகிற ஒவ்வொரு பிள்ளையும் ஒரு குன்றுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வர வேண்டும். இருவரும் ஒரே வீட்டில் உண்டு உறங்கி வர வேண்டும். நெல் நான் தருகிறேன், இடம் நீங்கள் தாருங்கள்.”

“நீ தொடங்கிய தருமம், நாங்கள் ஏன் சுமக்க வேண்டும்?” என்று சீறினார் நாகன். அவர் கப்பல்கள் வைத்திருந்த பெரிய மனிதர்.

கூட்டத்தில் சலசலப்பு. அப்போது எண்ணெய் விற்கும் பிச்சி எழுந்தாள். அவள் வீட்டில் ஏற்கெனவே ஐந்து வாய்கள். “என் பாய் அகலம்தான். ரெண்டு பேரை அனுப்பு சாமி” என்றாள். அவளைப் பார்த்து இன்னொரு வீடு, அதைப் பார்த்து மற்றொரு வீடு. கடைசியில் மகன் படிக்க வேண்டுமே என்று நாகனும் ஒரு பையனை அழைத்துப்போனார்.

ஆனால் இயக்கனுக்கு நிம்மதி இல்லை. பிள்ளைகள் எப்படி இருக்கிறார்களோ என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்தான். நாகன் வீட்டில் அந்தப் பையனுக்கு மாட்டுத் தொழுவத்தில் இலை போட்டிருந்தார்கள். இயக்கனுக்கு ரத்தம் கொதித்தது. பையனை அப்போதே கூட்டிக்கொண்டு போய்விட நினைத்து வாயெடுத்தான்.

அதற்குள் நாகனின் மகன் தித்தன் தன் இலையைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்கு வந்து சப்பணமிட்டு உட்கார்ந்தான்.

“இங்கே என்னடா செய்கிறாய்?” என்று நாகன் அதட்டினார்.

“ஒரே வீட்டில் சாப்பிட வேண்டும் என்றார்களே அப்பா. இவனுக்கு இதுதான் வீடு என்றால் எனக்கும் இதுதான்.”

நாகன் குனிந்து, இரண்டு இலைகளையும் தம் கையாலேயே எடுத்துக்கொண்டு கூடத்துக்கு நடந்தார்.

பள்ளி வளர்ந்தது. நல்லி சிறுபிள்ளைகளுக்கு எழுத்து கற்பித்தாள். அவளைத் தெருவில் கண்டால் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இயக்கனின் பெயரைத்தான் மெல்ல மெல்ல எல்லாரும் மறந்தார்கள். அது அவனுக்குக் கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

ஒருநாள் அயல்தேசத்து மாலுமி ஒருவன் மூட்டை நிறையப் பொம்மைகளோடு பள்ளிக்கு வந்தான். “புயலில் அநாதைகளான பிள்ளைகள் எழுந்திருங்கள், உங்களுக்குத்தான் இவை” என்றான்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொம்மை ஆசையில் ஒரு பொடியன் மட்டும் எழுந்தான். பக்கத்திலிருந்த பிச்சியின் மகள் அவன் வேட்டியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள்.

“உட்காருடா! அநாதை என்றால் வீட்டில் யாரும் இல்லாதவன். நாங்கள் எல்லாரும் இருக்கிறோமே, செத்தா போய்விட்டோம்?”

பொடியன் திருதிருவென்று விழித்து உட்கார்ந்தான். மண்டபமே சிரித்தது. தூணோரம் நின்ற இயக்கன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஆகவே, கேட்டவர்களே, ஆதரவற்ற பிள்ளைக்குச் சோறும் எழுத்தும் கொடுத்தால் மட்டும் போதாது, அந்தப் பிள்ளையை ஊர் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டால்தான் அந்த அறம் நிறைவு பெறும்.