ஊமையான மென்பொருள்

நாகர்கோவிலில் தேவசகாயம் என்றொருவர் இருந்தார். கணினித் திரையிலுள்ள தமிழைப் பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளைத் தன் இளமையெல்லாம் கரைத்து எழுதியவர். விலைக்குத்தான் விற்றார். பார்வையற்றோர் பள்ளிகள் நடத்திய ஓர் அறக்கட்டளை அதை மொத்தமாக வாங்கியது. அந்த வருமானத்தில் அவரும் இரண்டு பொறியாளர்களும் பிழைத்தார்கள். எங்காவது வாசிப்பு பிசகினால் உடனே சரிசெய்தும் கொடுத்தார்கள்.

அப்போது கோவையில் ஷமீமா என்னும் ஆய்வு மாணவி, அதே வேலையைச் செய்யும் மென்பொருளை எழுதி, மூல நிரலோடு இலவசமாக வெளியிட்டாள். எவரும் எடுக்கலாம், எவரும் திருத்தலாம்.

"கண்ணு தெரியாதவங்க படிக்கிறதுக்குக் காசு கேக்க எனக்கு மனசு வரல" என்றாள். உள்ளத்திலிருந்து வந்த சொல்தான்.

அறக்கட்டளை தேவசகாயத்தை விட்டுவிட்டு அவள் மென்பொருளை எடுத்துக்கொண்டது, அவளுக்குப் பொன்னாடை போர்த்தியது. வாங்க வழியில்லாத பிள்ளைகளின் வீடுகளிலும் கணினி பேசத் தொடங்கியது. தேவசகாயம் நிறுவனத்தை மூடிவிட்டு வேறோர் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வெளியாருக்கு ஒரு வரி நிரல்கூட எழுதவோ சொல்லிக்கொடுக்கவோ கூடாது என்பது அங்கே நிபந்தனை. அவருடைய பழைய மென்பொருள் கவனிப்பாரின்றிச் செத்தது.

ஷமீமாவோ தனியாளாகத் திணறினாள். குறை சொன்னவர்கள் பெருகினார்கள். கைகொடுக்க ஒருவரும் இல்லை. "சம்பளம் கொடுத்து ஒரே ஒரு ஆள் போடுங்க சார்" என்று அறக்கட்டளைச் செயலாளரிடம் கெஞ்சினாள்.

"இலவசம்னுதானேம்மா எடுத்தோம்?" என்றார் அவர்.

அவள் உடம்பு கெட்டுப் படுத்தாள். பிறகு மென்பொருளின் பக்கம் திரும்பவேயில்லை.

பொதுத்தேர்வு நெருங்கிய நேரத்தில் கணினிகளின் இயங்குதளம் மாறியது, அதோடு ஒத்துப்போகாமல் ஷமீமாவின் மென்பொருள் ஊமையானது. பாடங்கள் எல்லாம் கணினிக்குள் இருந்தன. அறக்கட்டளைப் பள்ளியின் பார்வையற்ற ஆசிரியை பாக்கியவதி தேவசகாயத்துக்குப் போன் செய்தார்.

"தம்பி, நிரல் திறந்துதானே கெடக்கு? கொஞ்சம் பாருங்களேன். அன்னைக்கு உங்களை விட்டுட்டோம். கேக்க வாயில்லதான்."

"டீச்சர், இதுல கை வச்சா என் வேலை போயிரும். வீட்டுல எல்லாரும் என்னை நம்பித்தான் இருக்காங்க."

போனை வைத்த பிறகு நிரலைத் திறந்து பார்த்தார். ஷமீமா அழகாக எழுதியிருந்தாள். பிழை இருந்த வரி அவர் கண்ணில் பட்டுவிட்டது. விசைப்பலகையில் விரல் வைத்தவர், எடுத்துக்கொண்டார்.

அந்த ஆண்டு பிள்ளைகள் பலர் தோற்றார்கள். சிலர் பள்ளிக்குத் திரும்பவே இல்லை.

கதை கேட்டவர்களே, விலைக்கு விற்று, கடைசியில் கைவிரித்த தேவசகாயமா, இலவசமாகக் கொடுத்துப் பாதியில் விலகிய ஷமீமாவா, இரண்டையும் பயன்படுத்திக்கொண்ட அறக்கட்டளையா? பிள்ளைகளின் படிப்பு கெட்டதற்கு யார் பொறுப்பு?

விடை: உழைப்புக்கு விலை கேட்டது பாவமல்ல, கொடுத்த கொடையிலும் குற்றமில்லை. கொடையை வாங்கிக்கொண்டு, அதைக் காப்பது தன் கடமையல்ல என்றிருந்த அறக்கட்டளையே பொறுப்பு. தேவசகாயத்துக்கும் இது தெரியும். தெரிந்தும் அவர் மனம் ஆறவில்லை. அந்த நிரல் இன்றும் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. பிழையும் அதே வரியில் அப்படியே இருக்கிறது.