நட்சத்திரக்காரரின் பதில்

பொன்னுலிங்கம் தவமணியம்மாவைவிட இருபது வயது மூத்தவர். ஆனாலும் அவர்தான் சீடர். அன்று காலை மலையடிவாரத்தில் இருந்த அம்மாவின் ஆசிரமத்துக்கு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“உள்ளே வாங்க ஐயா.”

“கால் வரவில்லை அம்மா. பெரிய தப்பு செய்துவிட்டேன்.”

தேனீ வளர்ப்பவர்களின் இணையக் குழு ஒன்றில் அவர் பதினோரு வருடமாக இருந்தார். நல்ல பதில் சொல்பவரின் பெயருக்குப் பக்கத்தில் அங்கே நட்சத்திரம் விழும். விழுந்தது அழியாது. ஐந்து நட்சத்திரம் அவர் ஒருவருக்குத்தான்.

குலசேகரத்திலிருந்து ஜெசிந்தா என்ற பெண் ஒரு படம் போட்டுக் கேட்டிருந்தார். ஒரு தேனீப் பெட்டியில் குஞ்சுப் புழுக்கள் சாகின்றன, என்ன செய்யட்டும்? கூட்டம் மெலிந்திருக்கிறது, நல்ல பெட்டியோடு சேர்த்துவிடுங்கள் என்று பொன்னுலிங்கம் எழுதினார். அன்றுதான் குழுவில் சேர்ந்த ஒருவர் கீழே எழுதினார்: ‘சேர்க்காதீர்கள். இது தொற்றுநோய்.’

“படத்தை மறுபடி பார்த்தேன் அம்மா. செத்த புழு தண்ணீர்ப் பை மாதிரி இருந்தது; அது அந்த நோயின் அடையாளம். அவர் சொன்னதுதான் சரி என்று அப்போதே தெரிந்துவிட்டது.”

“தெரிந்தபிறகு?”

“‘நேற்று முளைத்தவர் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்’ என்று எழுதினேன்.”

குழு முழுக்க அவர் பக்கம் நின்றது. புதியவரைக் கேலி பேசியே விரட்டியது. ஜெசிந்தா நட்சத்திரத்தை நம்பிப் பெட்டிகளைச் சேர்த்தார்; நோய் பரவியது. இரண்டே மாதத்தில் அவருடைய பதினேழு பெட்டிகளும் காலி.

தவமணியம்மா அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்தார்.

“வேறு பெயரில் அந்தக் குழுவில் சேருங்கள். நடந்த உண்மையை எழுதிவிட்டு நாளைக்கு வாங்க.”

மறுநாள் பொன்னுலிங்கத்தின் முகம் வெளிறிக் கிடந்தது.

“‘பொன்னுலிங்கம் சொன்னது தவறு’ என்று எழுதினேன் அம்மா. அரைமணி நேரத்தில் ஐம்பது பேர் பாய்ந்துவிட்டார்கள். ‘ஐயா பெயரைச் சொல்ல உனக்கு என்ன யோக்கியதை?’ என்கிறார்கள்.”

“யாரைத் திட்டினார்கள்?”

“என்னைத்தான். இல்லை, பெயர் தெரியாத அந்தப் புது ஆளை.”

“இனி உங்கள் பெயரிலேயே எழுதுங்கள்.”

“எழுதினால் சம்பாதித்த பேரெல்லாம் ஒரே நாளில் போய்விடுமே.”

தவமணியம்மா குடத்தை எடுத்துக்கொண்டு செடிகளுக்குத் தண்ணீர் விடப் போனார்.

மூன்று நாள் பொன்னுலிங்கம் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தார். ‘கவனக்குறைவு’ என்று ஒருமுறை எழுதினார். அது பொய் என்று அவருக்கே உறைத்தது. நான்காம் நாள்தான் உள்ளதை எழுதினார். தெரிந்தே மறைத்தேன், பெயருக்குப் பயந்து மறைத்தேன் என்றார்.

அன்று மாலையே ஆசிரமத்துக்கு ஓடி வந்தார். முகம் தெளிந்திருந்தது. போனை நீட்டினார்.

“பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை அம்மா. ‘தப்பை ஒப்புக்கொள்ளப் பெரிய மனசு வேண்டும்’ என்கிறார்கள். முந்நூறு பேர் பாராட்டியிருக்கிறார்கள். ஆறாவது நட்சத்திரமும் விழுந்துவிட்டது.”

தவமணியம்மா போனை வாங்கவில்லை.

“ஜெசிந்தா என்ன எழுதியிருக்கிறார்?”

பொன்னுலிங்கத்தின் கை தாழ்ந்தது.

“படித்திருக்கிறார் அம்மா. ஒன்றும் எழுதவில்லை.”

“அந்தப் புதியவர்?”

“அன்றைக்கே குழுவை விட்டுப் போய்விட்டார். தேடிப் பார்த்தேன். பெயரே இல்லை.”

“அப்படியானால் ஐயா, இந்த முந்நூறு பேர் மன்னித்தது எதை?”

பொன்னுலிங்கத்தின் கையிலிருந்த போன் புதுப்புதுப் பாராட்டுகள் வந்து மறுபடி மறுபடி ஒலித்துக்கொண்டே இருந்தது.