நிறைந்தால் கத்தும் வாளி

"ஏல, காதுக்குப் பின்னாடியும் நல்லாத் தேய்ல!"

பாலிடெக்னிக் லேபுக்கு வெளியே, கை கழுவும் இடத்திலிருந்து இந்தக் குரல் காதில் விழுந்தது. யாரோ குழந்தையைக் குளிப்பாட்டுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். இசக்கியப்பனும் சேவியரும் காஜாவும் ஒரு பஸ்ஸருக்கு ஷாம்பு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பஸ்ஸர் என்பது சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கறுப்பு டப்பி. கீழே இரண்டு கம்பிக் கால்கள். மேலே ஓர் ஓட்டை, அதை மூடி ஒரு ஸ்டிக்கர். பேட்டரியில் சரியாக மாட்டினால் போதும், தானே 'பீ' என்று கத்தும். ஸ்டிக்கரில், 'கழுவிய பின் அகற்றவும்' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. சர்க்யூட் போர்டைக் கழுவும் தொழிற்சாலைக்காரர்களுக்குச் சொன்னது அது. இவர்கள் தங்களுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள்.

"போதுமால?" என்றான் காஜா.

"அழுக்கு போக வேண்டாமா?"

"இதுவே கறுப்புல்லா. அழுக்கு போச்சான்னு எப்படித் தெரியும்?"

மூவரும் யோசித்தார்கள். "அப்போ வெள்ளையாகுற வரைக்கும் தேய்ப்போம்," என்றான் இசக்கியப்பன்.

நல்லவேளை, லேப் பொறுப்பாளர் ஜெபராணி மேடம் வந்து ஸ்டிக்கரைப் பிய்த்து எறிந்தார். "நாளைக்குத் தேர்வாளர் வாராரு. போன வருசமே ஃபெயில். இந்தத் தடவையும் போச்சுன்னா டிப்ளமா கிடையாது. வாளி நிறைஞ்சா சத்தம் வரணும். அதுக்கு முந்தி வரக்கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம்," என்றார்கள். அதுதான் தொல்லை.

பஸ்ஸருக்கு ஒரு கால் நீளம். அதுதான் பிளஸ் என்பதற்கு அடையாளம். மேசையில் நிறுத்தினால் சாய்ந்தது.

"நொண்டுதுல, பாவம்," என்று இசக்கியப்பன் நீளக் காலை வெட்டிச் சமமாக்கினான்.

சேவியர் பேட்டரியில் மாட்டினான். பீ!

"தண்ணியே இல்ல, அதுக்குள்ள கத்துது பாரு!" என்று பதறி மாற்றி மாட்டினான். சத்தம் நின்றது.

"இதான் சரி," என்றான் காஜா. "தண்ணி இல்லன்னு அதுக்குத் தெரியுது."

"கழுவுனோம்லா. அறிவு வந்துட்டு."

அப்படியே ஈயத்தால் பற்றவைத்து, தண்ணீர் தொட்டால் மின்சாரம் பாயும்படி இரண்டு கம்பிகளை வாளி ஓரத்தில் பொருத்தினார்கள்.

மறுநாள் தேர்வாளரே குழாயைத் திறந்தார். தண்ணீர் ஏறியது. வாளி ஓரத்துக் கம்பிகளைத் தொட்டது. பஸ்ஸர் வாய் திறக்கவில்லை. தண்ணீர் வழிந்து தேர்வாளரின் ஷூவுக்குள் போனது.

"சத்தம் எங்கப்பா?"

சேவியர் வாளியைப் பார்த்தான். மேடத்தைப் பார்த்தான். வாளி நிறைந்தால் சத்தம் வரவேண்டும். மூச்சை இழுத்துப் பிடித்தான்.

"பீஈஈஈஈ..."

தேர்வாளர் குழாயை மூடினார். வாளி நிறைந்துதான் இருந்தது. சேவியரும் நிறுத்தவில்லை. அவன் முகம் சிவந்து, கண் பிதுங்கியது.

"யாராவது அதை நிறுத்துங்கப்பா!" என்று தேர்வாளர் காதைப் பொத்தினார்.

"மாத்தி மாட்டுனா நிக்கும்லா?" என்று கிசுகிசுத்தான் காஜா.

"ஆமால!"

ஆளுக்கொரு காலைப் பிடித்துச் சேவியரைத் தலைகீழாகத் தூக்கினார்கள்.

சத்தம் நின்றது.

தேர்வாளர் ஷூவைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினார். பிறகு மதிப்பெண் தாளை எடுத்து, 'சத்தம் வருகிறது, நிற்கவும் செய்கிறது' என்று எழுதி, மூவருக்கும் பாஸ் போட்டார்.