மைனஸ் ஒன்று போன இடம்

“பெட்டி, ஆக்சிஜன் நிறைய இருக்குங்குது. இறால் மூச்சுமுட்டிச் செத்து மிதக்குது. நான் எதை நம்புறது டீச்சர்?”

கேட்டவர் அருளப்பன். டி.வி. ரிப்பேர் பார்த்துவந்தவர், நாற்பது தாண்டி புரோகிராம் எழுதப் பழகியவர். பழக்கிய தமயந்தி டீச்சர் அவரைவிட இளையவர்.

குட்டையில் ஆக்சிஜன் குறைந்தால் தண்ணீரில் காற்றேற்றும் ஏரேட்டரைச் சுழலவிட வேண்டும், நிறைந்தால் நிறுத்த வேண்டும். அருளப்பன் செய்த பெட்டிக்கு வேலை அவ்வளவுதான். விடியும்போது முதல் குட்டை செத்த இறாலால் வெள்ளையாகக் கிடந்ததாம். இரண்டாவதும் போனால் பெட்டியோடு சேர்த்து உன்னையும் உப்பாற்றில் வீசுவேன் என்று பண்ணைக்காரர் ஜபருல்லா சொல்லிவிட்டுப் போனார்.

இருவரும் இரண்டாவது குட்டைக் கரையில் நின்றார்கள். ஏரேட்டர் சளசளவென்று தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தது.

“தண்ணிக்குள்ள அளக்கிற சென்சாரைப் பாசி மூடினா அது என்னண்ணே சொல்லும்?”

“மைனஸ் ஒண்ணு. பார்க்க முடியலைன்னு அர்த்தம்.”

“புரோகிராம்ல அந்த எண்ணைப் போட்டுவைக்க என்ன டைப் எடுத்தீங்க?”

எட்டு பிட், மைனஸ் எடுக்காதது என்றார். ஆக்சிஜன் பூஜ்யத்துக்குக் கீழேயா போகப்போகிறது? பூஜ்யம் முதல் இருநூற்று ஐம்பத்தைந்து வரை தாராளம். கோழிக்கூட்டுக்கு எதுக்குக் கோபுர வாசல் என்று, எழுதும்போதே சிரித்துக்கொண்டவர் அவர்.

“ஆனா மைனஸ் ஒண்ணு எங்கயுமே பதிவாகலை. இருநூத்தம்பத்தஞ்சுதான் நிக்குது. எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியலை, தலை சுத்துது.”

டீச்சர் அருளப்பன் தோளில் கிடந்த துண்டை உருவி அவர் கண்ணைக் கட்டினார். ஆக்சிஜன் அளக்கும் கைமீட்டர் ஒன்றைத் தண்ணீரில் விட்டார்.

“மீட்டர்ல எவ்வளவு காட்டுது?”

“கண்ணைக் கட்டிட்டுக் கேட்டா?”

“எண் மட்டும் சொல்லணும்ண்ணே. பூஜ்யத்துலேருந்து இருநூத்தம்பத்தஞ்சுக்குள்ள. சும்மா நிக்கக் கூடாது.”

துண்டுக்குள்ளேயே விழித்தார் அருளப்பன். ஐந்தா, நூறா? எதைச் சொன்னாலும் பார்த்துச் சொன்னது மாதிரிதானே இருக்கும்? டீச்சர் விடவில்லை. வாயில் வந்தது வெளியே விழுந்தது.

“இருநூத்தம்பத்தஞ்சு.”

“நிறைய இருக்கு. அப்ப நிறுத்திடுறேன்.”

சுவிட்ச் சத்தம் கேட்டது. சளசளப்பு அடங்கிப்போனது.

அருளப்பன் கட்டிய கண்ணோடு முன்னால் தடுமாறி வந்தார்.

“போடுங்க டீச்சர், திரும்பப் போடுங்க. எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல நீங்க ஒரு எண்ணுகூட விட்டுவைக்கலையே. பெட்டிக்கும் நான் விடலை; பூஜ்யத்துக்குக் கீழ இடமில்லாத மைனஸ் ஒண்ணுதான் சுத்திப்போய் உச்சியில இருநூத்தம்பத்தஞ்சா நின்னிருக்கு.”