அண்ணாச்சி படத்துக்கு எதிரே

விருதுநகரில் தனுஷ்கோடி அண்ணாச்சி கட்டிய புது ஜவுளிக்கடையின் உட்புறத்தை வடிவமைக்க வந்தவள் பொற்கொடி. சேலை எடுக்க மாடிக்குப் போன பெண் எப்போது இறங்குவாள் என்று ஜோசியனாலும் சொல்ல முடியாது. அதனால், கூட வரும் ஆண்களுக்குக் கீழே நாற்காலி போடலாம் என்றாள்.

"இதென்ன பஸ் ஸ்டாண்டா?" என்று சீறினார் அண்ணாச்சி. "அந்தச் சுவர் முழுக்க என் படம் வை. வர்றவன் கண்ணெடுக்காம பார்க்கணும். இல்லன்னா உனக்கு இங்க வேலை இல்ல."

"பார்க்க வச்சிடலாம் அண்ணாச்சி. ஆனா நின்னுக்கிட்டு எவ்வளவு நேரம் பார்ப்பாங்க?"

அது அவருக்கு நியாயமாகப் பட்டது. படத்துக்கு எதிரே நாற்காலிகள் வந்தன.

தீபாவளிக் கூட்டத்தில் அண்ணாச்சி மாடியிலிருந்த தன் ரூமிலிருந்து கீழே வந்தார். உட்கார்ந்திருந்தவர்கள் அவரைக் கண்டதும் எழுந்து சூழ்ந்துகொண்டார்கள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"காலையிலேருந்து உங்க மூஞ்சியத்தான் பார்த்துக்கிட்டிருக்கோம்," என்றார் ஒருவர். "எங்க வீட்டம்மாவ கொஞ்சம் கீழ அனுப்பிவிடுங்க அண்ணாச்சி!"

மறுநாளே படத்தைக் கழற்றச் சொன்னார்.

"நாற்காலியையுமா?" என்று கேட்டாள் பொற்கொடி.

"ஐயோ, அது இருக்கட்டும்மா. இல்லன்னா என் ரூமுக்கே வந்துடுவாங்க."