கழுவிய மண்

ஆடி மாதத்துக் காலை, மணி பத்தே கால். சாரல் தூறுவதும் நிற்பதுமாக இருந்தது. வெயில் வருவேனா என்றது.

தாணுமாலயன் நான்கு எவர்சில்வர் டப்பாக்களோடு ரோசலின் டீச்சர் வீட்டு மொட்டைமாடிக்கு ஏறி வந்தார்.

"கண்ணாடித் தொட்டிக்கு அடியில எந்த மண்ணைப் போடணும்னு இன்னைக்குச் சொல்லிரணும், டீச்சர். ரெண்டு கிழங்கு அழுகிப் போச்சு. இது கடைசி."

ஈரத் துணியை விரித்து, கொட்டி என்கிற நீர்ச்செடியின் கிழங்கைக் காட்டினார். கோலிக்குண்டு அளவுதான் இருந்தது. அது விளைந்த குளத்தின் மேல் இப்போது நாற்கரச் சாலை போகிறது. இதுவும் அழுகினால் இன்னொன்றுக்குப் போக இடமில்லை.

ரோசலின் கல்லூரியில் தாவரவியல் நடத்துபவர். மாடி முழுக்கத் தொட்டிகளில் நீர்ச்செடி வளர்ப்பவர். தாணுமாலயனைவிட வயதில் மிக இளையவர். குடிநீர் நிலையத்தில் வேதியியலராக இருந்து, ஊருக்கே தெளிந்த தண்ணீர் கொடுத்து ஓய்வு பெற்றவர் தாணுமாலயன். இருந்தாலும் செடி விஷயத்தில் டீச்சர் வாக்குத்தான் அவருக்கு வாக்கு.

டப்பாக்களைத் திறந்து வரிசையாக வைத்தார். ஆற்று மணல். பொடிச் சரளை. செங்கல் தூள். வளர்ப்பு மீன் கடையில் விற்கிற உருண்டை மண்.

ரோசலின் ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"ஒண்ணுலயும் வாசமே இல்லையே, அண்ணாச்சி."

"எப்படி இருக்கும்? தெளிஞ்ச வெள்ளம் வர்ற வரைக்கும் கழுவி, வெந்நீர்ல போட்டு, காய வச்சிருக்கேன்."

"அப்பம், கிழங்கு எதைத் திங்கும்?"

"தொட்டி சுத்தமா இருக்க வேண்டாமா, டீச்சர்?"

டீச்சர் மாடி மூலையில் குவித்திருந்த வண்டல் மண்ணை இரண்டு கையும் கொள்ள அள்ளி அவர் கைகளில் வைத்தார். கறுத்துக் குழைந்த மண்.

"இதை அடியில போடுங்க. மேல ஒரு விரற்கடை மணல். கிழங்கைப் புதைக்காண்டாம், சும்மா உக்கார வச்சாப் போதும்."

"சரி. ஒரு நிமிஷம்."

அவர் குழாயடிக்குப் போனார். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது உள்ளங்கையில் ஒரு சிட்டிகை மணலும் ஒரு நத்தை ஓடும் இருந்தன.

"மண்ணு எங்க?"

தாணுமாலயன் தம் கையைப் பார்த்தார். பிறகு குழாயடியைப் பார்த்தார்.

"கழுவினேன்."

"நல்லது. கீழ என் வாழைக்குப் போயிருக்கும். அது உங்களை வாழ்த்தும்."

தாணுமாலயனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, முதல் இரண்டு கிழங்குகளும் பளிங்கு போன்ற தண்ணீரில், அவர் கண் முன்னால், ஒளிவு மறைவில்லாமல் செத்துப் போனதும் நினைவுக்கு வந்தது. சிரிப்பு நின்றது.

டீச்சர் மறுபடியும் மண்ணை அள்ளினார். இம்முறை அவர் கையில் கொடுக்கவில்லை. செங்கல் தூளைக் கொட்டிவிட்டு அந்த டப்பாவில் மண்ணை நிறைத்து, இறுக்கி மூடினார்.

"வீட்டுக்குப் போய்த் திறங்க."

மாலையில் தாணுமாலயன் போன் செய்தார்.

"சொன்னபடியே செஞ்சாச்சு, டீச்சர். தட்டு வச்சு, அதும் மேல மெதுவாத்தான் வெள்ளம் ஊத்தினேன். அப்படியும் கலங்கிப் போச்சு. டீத்தண்ணி தோத்துரும்."

"இருக்கும்."

"எப்பம் தெளியும்?"

"தெளியும்போது தெளியும்."

"கிழங்கு தெரியவே இல்லையே."

"யாருக்கு?"

அவர் போனைக் காதில் வைத்தபடி தொட்டியின் முன்னால் நின்றார். டீச்சர் எப்போது பேச்சை முடித்தார் என்பதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை, ரோசலின் அல்லித் தொட்டியில் பழுத்த இலைகளைக் கிள்ளிப் போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போனார்.

தாணுமாலயன் தண்ணீர் மாற்றுகிற ரப்பர் குழாயையும் வாளியையும் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் இரவல் கொடுத்துவிட்டு வந்தார். அவர்கள் கேட்கவில்லை. அவர்கள் வீட்டில் மீன்தொட்டியும் கிடையாது.